திருப்பி வைத்த இலை

"செத்தவங்கள அறுத்துப் படிக்கவளுக்கு உயிரோட இருக்கவங்களப் பத்தி என்னட்டி தெரியும்?"

என் அக்காவின் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். குழித்துறையில், ஆற்றைப் பார்த்த வீட்டின் முற்றத்தில், அவள் வாழைக்குலைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளை மாமி என்றுதான் கூப்பிடுவேன். தாகமாக இருக்குமே என்று செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டியிருந்தேன். அவள் செம்பைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"நீ வச்சிரு. வெள்ளம் உனக்க அக்கா எடுத்துத் தரட்டு."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் என்னை யாராலும் சிறுமைப்படுத்த முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா வண்டிக்காரர். பத்மநாபபுரத்திலிருந்து குழித்துறைச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போவார். நாடு விடுதலை பெற்ற வருஷம் நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். அம்மா நோயில் விழுந்தபோது அடுப்படி அக்காவின் கைக்குப் போனது, புத்தகப் பை என் கைக்கு வந்தது. அப்படி வரவேண்டும் என்று சொன்னவளும் அக்காதான். அம்மா போன பிறகு என் தலைக்கு எண்ணெய் வைத்ததும், வகிடு எடுத்ததும், காய்ச்சலில் பக்கத்தில் கிடந்ததும் அவள்தான்.

வண்டியில் சாக்குகளின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு போவது எனக்கு வழக்கம். மாடுகளுக்கு வழி தெரியும், அப்பா பாதித் தூக்கத்தில் இருப்பார். வேளிமலைக்கு மேலே மேகம் மடிந்து மடிந்து குவியும். கல்லூரியில் முதன்முதலாக ஒரு மூளையை என் உள்ளங்கைகளில் வைத்தபோது மருந்து நெடியில் கண் கரித்தது. ஆனால் எனக்கு நினைவு வந்தது அந்த மேகம்தான். இத்தனை மடிப்புக்குள் ஒரு ஆளின் சந்தையும் வீடும் மக்களும் இருந்திருக்கிறார்கள். யாருடைய ஊர் இது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு பல நாட்கள், பேருந்தில் போகும்போதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த மடிப்புகளின் இடுக்கில் நான் நடந்து போவதுபோல ஒரு மயக்கம் வந்து போகும். மூளைக்கு இரத்தம் போகும் வழிகளைப் படித்தபோது எங்கள் வயல்காட்டு வாய்க்கால்களாகவே அவை தெரிந்தன. பெரிய கால்வாய், கிளை, மடை, கடைசி வயல். ஒரு மடை அடைத்தால் அதற்குக் கீழே உள்ள வயல் காயும். அதைத்தான் ஊரில் வாதம் என்கிறார்கள் என்று தெரிந்த அன்று, ஏதோ என் சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டாற்போல இருந்தது.

நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் மாமிக்கு வாதம் வந்தது. சந்தைக்குப் புறப்பட்டவள் படியிலேயே சாய்ந்துவிட்டாள். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வைத்தியர் தைலம் கொடுத்தார், அதைத் தேய்த்து உழிச்சல் நடந்தது. காலில் கொஞ்சம் அசைவு வந்தது, கை வரவில்லை. ஆனால் பேச்சு அப்படியே இருந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. படுத்தபடியே குலைக்கு விலை சொன்னாள். அதனால் மூளைக்கு ஒன்றுமில்லை, கைகாலுக்குத்தான் கேடு என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கல்லூரியிலும் பேச்சுக்கு உரிய, மூளையின் இடது பாதியைப் பற்றித்தான் விரிவாகச் சொன்னார்கள். உடம்பின் இடப்பக்கத்தை ஆளும், மாமிக்குக் கெட்டிருந்த வலது பாதி ஏதோ துணைக்கு வந்து நிற்கும் ஆள்போலத்தான் புத்தகத்தில் இருந்தது.

ஓணத்துக்குக் கல்லூரி அடைத்ததும் நான் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஆற்றுப் படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வந்தியா மக்கா. நல்ல வேளை. ஓணம் கழிஞ்ச மறுநாள் அப்பாவ வண்டியோட வரச்சொல்லியிருக்கு. ரெண்டுவேரும் சேந்தே போலாம்."

"நீ என்னத்துக்கு வாற?"

"இங்க என்னைய வேண்டாமாம். மைனி தீத்துச் சொல்லியாச்சு."

மைனி என்பது அத்தானின் மூத்த சகோதரி. தக்கலையில் வாழ்க்கைப்பட்டவள். தாய் விழுந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்து வீட்டை நடத்திவிட்டுப் போவாள்.

"நீ என்ன செய்த?"

"மாமிக்கு நான் ஒழுங்காச் சோறு போடல்லியாம். பாதி வயித்தோட எழுப்புகேனாம். உப்பு வைக்கல்லியாம், ஊறுகாய் வைக்கல்லியாம். தல சீவி விடல்லியாம். சந்த முழுக்கப் பறைஞ்சாச்சு." அவள் துணியை ஓங்கி அடித்தாள். "ஆளும் மெலிஞ்சுல்லா கெடக்கா. பாக்கவங்க எதை நம்புவாங்க?"

"நீ போடுகியா இல்லியா?"

"ஏட்டி, நீயுமா?"

நான் படியில் உட்கார்ந்து, அலசிய துணியைப் பிழியத் தொடங்கினேன். அவளே சொன்னாள்.

"கெழவி வேணும்னே செய்யுகா. கண்ணுக்க முன்ன தொவையல் இருக்கும். இல்லேம்பா. நான் தொட்டுக் காட்டினா, இப்பம் கொண்டு வச்சியாக்கும்பா. பாதிச் சோறு இலையில அப்படியே கெடக்கும், வயிறு காயுதும்பா. எனக்கு இந்த வீடு வேண்டாம்னு இல்ல மக்கா. ஆனா பட்டினி போட்டவங்குற பட்டத்தோட இருக்க முடியாது."

"அத்தான் என்ன சொல்லுகாரு?"

"அவரு என்னத்த சொல்லுவாரு. அம்மைக்க மொகத்தப் பாப்பாரு, எனக்க மொகத்தப் பாப்பாரு, பொறவு மாட்டுக்கு வெள்ளம் காட்டப் போவாரு."

வண்டியில் ஏறித் திரும்பி வந்த பெண்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அந்த வண்டி அவர்களைக் கொண்டுபோய் விடாது. அப்பாவின் அடுப்படிக்கே அக்கா திரும்பிப் போவதை நான் நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

மாமி மேற்கு அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வாசல் அவளுடைய இடது பக்கம். நான் வாசலில் நின்று "மாமி" என்றேன்.

"யாரு, சவம் அறுக்கவளா? வா வா" என்று அவள் வலப்பக்கச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் உள்ளே போகாமல் அங்கேயே நின்று பேச்சுக் கொடுத்தேன். படிப்பு எப்படி, திருவனந்தபுரத்தில் குலைக்கு என்ன விலை என்று கேட்டாள். எல்லாக் கேள்வியும் சுவருக்குத்தான். பிறகு நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"எப்பம்ட்டி வந்த?"

மடியில் சீப்பு இருந்தது. பேசிக்கொண்டே தலை சீவினாள். வலப்பக்கம் மட்டும் எண்ணெய் மினுங்கப் படிந்தது. இடப்பக்கம் பறட்டையாக நின்றது. சீப்பைக் கீழே வைத்து, "இப்பம் கொள்ளாம்" என்று திருப்தியோடு சொன்னாள்.

போர்வைமேல் கிடந்த அவளுடைய இடது கையைத் தூக்கி வலது பக்கமாகக் கொண்டுவந்து காட்டினேன். "மாமி, இது யாருக்க கை?"

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்க அக்காளுக்க கையாட்டு இருக்கும். எடுத்துட்டுப் போவச் சொல்லு. பாரமா இருக்கு."

அந்தக் கையை மெதுவாகப் போர்வைமேல் திரும்ப வைத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு சந்தோஷம் உள்ளே எழும்பியது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வாதக்காரர் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு, முழுக்க உடுத்தியவர்போல உட்கார்ந்திருப்பார். புத்தி பிசகியவர் என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். அவருக்கும் விழுந்தது இடது பக்கம்தான்.

அந்தப் பிற்பகல் முழுக்க நான் மாமியின் பக்கத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாக ஆற்றின் வெளிச்சம் மச்சில் அலைந்தது. அவளுக்கு அந்த வெளிச்சத்தில் பாதிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்றப் பாதி எங்கே போயிருக்கும்? கண் தெரியாதவர்களுக்கு இருட்டாவது இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை, எதுவும் குறைந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கனவில் நம் வீட்டுக்குக் கொல்லைப்புறம் இல்லாமல் போய்விட்டால் நாம் அதைத் தேடுவதில்லை, அதுதான் வீடு என்று இருந்துவிடுகிறோம். மாமி அப்படி ஒரு வீட்டில் விழித்துக்கொண்டே குடியிருந்தாள். என் அக்கா பரிமாறிய உப்பும் ஊறுகாயும் அந்தக் கொல்லைப்புறத்தில் கிடந்தன. நானும் கண்ணை மூடி அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க முயன்றேன். வாசலே தெரியவில்லை.

சாயங்காலம் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு மட்டி வாழைப்பழங்களை, வலது ஓரத்தில் ஒன்றும் இடது ஓரத்தில் ஒன்றுமாக வைத்துக் கொடுத்தேன். அவள் வலப்பக்கத்துப் பழத்தைத் தின்றாள்.

"ஒண்ணுதானா? அக்காளும் தங்கச்சியும் ஒரே அச்சு."

நான் தாம்பாளத்தை அரைச்சுற்றுத் திருப்பினேன்.

"இஞ்ச இன்னொண்ணு இருக்கே" என்று எடுத்து உரித்தாள்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வேணுமென்றே செய்யவில்லை என்றதும் அவள் முகம் தளர்ந்தது. "அப்ப பாவம்" என்றாள். பிறகு, "அதை அவங்கள்ட்ட சொல்லு" என்றாள்.

சொன்னேன். அத்தான் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்று கேட்டார். "அம்மைக்கு மூளையில கேடுன்னா சொல்லுக? நேத்து நாலு வியாபாரிக்கு வெலை சொன்னா. காசு பிசகல்ல." மைனி இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டாள். "அக்காளக் காப்பாத்த எனக்க அம்மைக்குப் பைத்தியம் கட்டுகியா? படிச்ச புத்தி இப்படித்தான் போவும்."

அன்றுதான் தெரிந்தது, எனக்குத் தெரிந்ததைச் சொல்லுவதற்கு எனக்குச் சொல் கிடையாது என்று. அதற்கு ஊரிலும் பெயர் இல்லை, என் புத்தகத்திலும் இல்லை. கண்ணால் பார்க்கவைத்தால்தான் உண்டு. எல்லாவற்றையும் வலப்பக்கமாகப் பரிமாறினால் மாமி சாப்பிட்டுவிடுவாள். ஆனால் ஆட்கள் பார்க்க இன்றைக்கு மட்டும் போடுகிறாள் என்று மைனி சொல்லுவாள். முறைப்படியே பரிமாற வேண்டும். மாமி இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு யாரும் எதுவும் போடாமலே அது அவள் கண்ணில் பட வேண்டும்.

"இலையத் திருப்பப் போறேன்" என்று அக்காவிடம் சொன்னேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள். எங்கள் பக்கத்தில் இலையின் நுனி உண்பவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். நுனி வலப்பக்கம் வந்தால் அது செத்தவர்களுக்குப் படைக்கிற இலை. கைப்பிழையாகக்கூட ஒருவரும் அப்படிப் போட மாட்டார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா. அதுவும் நீ. சவம் அறுக்கவன்னு ஏற்கெனவே சொல்லுகா."

"வேற வழி இருந்தாச் சொல்லு."

அவள் வெகுநேரம் தேங்காய் துருவினாள். "ரெண்டு தாம்பாளம் இருக்கு. பெரிசத் தேச்சு வைக்கேன்" என்றாள் கடைசியில்.

ஓணத்தன்று மதியம் எல்லோரும் மேற்கு அறையிலேயே உட்கார்ந்தார்கள், மாமியோடு சேர்ந்து உண்பதற்காக. மாமிக்கு மட்டும் கட்டிலையொட்டி ஒரு முக்காலி, அதன்மேல் பெரிய தாம்பாளம், தாம்பாளத்தில் இலை. அக்கா பரிமாறினாள். உப்பு, நேந்திரங்காய் வறுத்த உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சிப் பச்சடி, மாங்காய் என்று இடது ஓரத்திலிருந்து தொடங்கி, அவியலும் எரிசேரியும் தோரனும் வலப்பக்கம் வந்து முடிந்தன. நடுவில் சோறு, பருப்பு, பப்படம். மைனி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் நானும் விரும்பினேன்.

மாமி தின்னத் தொடங்கினாள். வலப்பக்கத்துக் கறிகள் தீர்ந்தன. சோற்றில் வலது பாதி, கத்தியால் வகிர்ந்தாற்போல, தீர்ந்தது. அவள் கையை உதறினாள்.

"ஓணத்துக்குக்கூட உப்பேரி இல்லியா இந்த வீட்டுல? சோறும் இம்பிடுதானா? மவளே, கண்ணால பாத்தியா இப்பமாவது?"

மைனி கழுத்தை நீட்டி இலையைப் பார்த்தாள். உப்பேரி அவள் கண்முன்னால் இலையில் இருந்தது.

"மைனி, நீங்களே சொல்லுங்க. அந்த இலையில உப்பேரி இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அம்மா, இருக்குல்லா."

"எங்க இருக்கு? நீயும் இவளுவ கூடச் சேந்தாச்சா?"

"யாரும் ஒண்ணும் போடாண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். இலையின் நுனி சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றது.

அத்தானின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மைனி எழுந்தாள். "பாவி, உயிரோட இருக்க அம்மைக்கா இப்படி இலை போடுக?"

மாமி இலையைப் பார்த்தாள். நுனியைப் பார்த்தாள். அவளுக்கு அது புரிந்துவிட்டது என்று அவள் உதட்டில் தெரிந்தது. என்னை ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கை மெல்ல நீண்டு ஒரு உப்பேரித் துண்டை எடுத்து வாயில் போட்டது. பிறகு சர்க்கரைவரட்டி. பிறகு பச்சடியைத் தொட்டு மிச்சச் சோற்றைப் பிசைந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இலை வெறுமையானது.

"இதெல்லாம் எப்பம் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"முதல்லயே போட்டது அம்மா" என்றார் அத்தான். தாயை மறுத்து அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

மாமி கொஞ்சம் யோசித்தாள். "செத்தவளுக்குள்ள இலையிலதான் எனக்கு வயிறு நெறையணும்னா அப்படியே போடுங்க" என்றாள். "பாயசம் உண்டா?"

மைனி பாயசம் குடிக்காமல் தக்கலைக்குப் புறப்பட்டுப் போனாள். மறுநாள் காலையில் அத்தான் தாமே தாயின் தாம்பாளத்தைப் பாதிச் சாப்பாட்டில் திருப்பிவைத்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். பிறகு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மதியம் அப்பா வண்டியோடு வந்தார். அக்கா அவருக்குப் பாயசம் கொடுத்தாள். வண்டியில் நான் மட்டும் ஏறினேன். பின்னால் சாய்ந்துகொண்டு பார்த்தபோது, வீடும் ஆறும் படித்துறையில் நின்ற அக்காவும் மெதுவாகச் சிறிதாகிக்கொண்டே போனது தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது.

தை மாதத்தில் மாமிக்கு இரண்டாவது முறை வாதம் வந்தது. அதிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. இலையைத் திருப்பியதால்தான் போனாள் என்று மைனி துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், மருமகள் உட்கார வேண்டிய இடத்தில். கூட்டத்தில் முகம் தெரியாத ஒரு பெண் என்னிடம் வந்து, "இலையத் திருப்பினவ நீயாட்டி?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன். அந்த ஒரு சொல்லை இப்போதும் கொஞ்சம் கர்வத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஓணத்துக்குப் பிறகு மாமி மெலியவில்லை. கடைசி மாதங்களில் அக்காவை எட்டுக்கட்டையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் இதை எங்கள் வார்டு மருத்துவரிடம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "இதற்கு மருந்து என்ன?" என்றார். மருந்து இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வாதக்காரர்களுக்கு வேண்டியது உறவினர்கள்தான், மருத்துவர் அல்ல என்பது அவருடைய எண்ணம். உறவினர்களுக்கே அந்த மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதபோது யார் சொல்லுவது என்று நான் கேட்கவில்லை. அதை அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்திருந்தது.

இந்த வருஷம் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரில் வெடி போட்டார்கள். நான் தேர்வு முடித்த களைப்பில் இருந்தேன். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூளைக்கும் நரம்புக்கும் என்று தனியாகக் கட்டில்கள் ஒதுக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன். அப்பாவிடம் வண்டியில் வைத்துத்தான் சொன்னேன். "தூரமா?" என்று கேட்டார். தூரம்தான் என்றேன். மாட்டைத் தட்டினார்.

இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வாதக்காரர்களின் கட்டில்களை மாணவர்களுக்குக் காட்டும் வேலையை இங்கே யாரும் விரும்பிக் கேட்பதில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலைச் சுற்று முடிந்ததும் வரட்டுமா என்று நேற்று மாணவர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். மதியம், நோயாளிகளுக்குச் சோறு பரிமாறும் நேரத்துக்கு வரும்படி பதில் சொல்லி அனுப்பிவிட்டேன்.